ஏழாம் நம்பர் வயர்

அக்காவின் ஜீப்புக்கு எருமை என்று பெயர். வைத்தது அக்காதான். அவள் கால்நடை டாக்டர் என்பதால் அதைப் பாராட்டாகச் சொல்கிறாள். எனக்கும் அவள் கணவரான மாமாவுக்கும் அது பாராட்டாகத் தெரிந்ததில்லை. வண்டிக்கு என்னைவிட நான்கு வயது கூடுதல். கதவைச் சாத்த இரண்டு கை வேண்டும், திறக்க ஒரு உதை வேண்டும். ஆனால் சேற்றிலும் பாறையிலும் அது போகிற இடத்துக்கு வேறெதுவும் போகாது.

மலைமேல் நான்கு குடியிருப்புகள். மாதத்தில் இரண்டு முறை அக்கா மேலே போய் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் தடுப்பூசி போடுவாள். மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுபோவது பழைய முறை. மூன்றாவது குடியிருப்புக்குப் போவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிடும். அதனால் அலுவலகம் வண்டியில் வைக்கிற சின்னக் குளிர்பெட்டி ஒன்று கொடுத்தது. வண்டி பேட்டரியிலேயே ஓடும். உள்ளே எத்தனை டிகிரி என்று வெளியே நம்பர் தெரியும். அதற்கு ஒரே ஒரு குணக்கேடு, வோல்ட் குறைந்தால் யாரையும் கேட்காமல் தானே அணைந்துவிடும்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற எருமையின் ஆல்டர்னேட்டர் முப்பத்தைந்து ஆம்பியர். அதுவும் வண்டியை விரட்டி ஓட்டினால்தான். நின்ற இடத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பத்து தேறினால் பெரிது. மேலே ஒவ்வொரு இடத்திலும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். போன தடவை இரண்டாவது இடத்திலேயே பெட்டி அணைந்துவிட்டது. நாற்பது குப்பி மருந்து வீண்.

அலுவலகத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை பரிசோதகர் ஒருவர் வருவார். எல்லா விளக்கையும் வைப்பரையும் ஹீட்டரையும் போட்டுக்கொண்டு மலை ஏற வேண்டும், நான்கு இடத்திலும் நிற்க வேண்டும். பெட்டி எட்டு டிகிரியைத் தாண்டினால் மலைப் பயணம் ரத்து. மாடுகள் அடிவாரத்துக்கு வரட்டும், டாக்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து சான்றிதழ் எழுதட்டும் என்று ஏற்பாடு.

"நெறமாச மாடு ஒம்பது கிலோமீட்டர் எறங்கி வருமாம், ஊசி போட்டுக்க" என்றாள் அக்கா. "வந்து வரிசையில நிக்குமாம். டோக்கன் குடுப்பாங்க போல."

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் அப்போது வேலை இல்லாமல் அவள் வீட்டுப் பின்னறையில் இருந்தேன். ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிப்ட், சரக்கு தூக்கும் வண்டிகளின் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பதினான்கு மாதம் பார்த்தேன், விட்டேன். அதற்கு முன்பு படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டேன். வீட்டில் என் பட்டப்பெயர் பாதி. "பாதி சாப்ட்டானா?" என்று மாமா கேட்டால், நான் சாப்பிட்டேனா என்று அர்த்தம்.

"டேய் பாதி" என்றாள் அக்கா, வெள்ளிக்கிழமை சாயங்காலம். "பேட்டரி பேட்டரின்னு ஒரு வருஷம் குடும்பம் நடத்தினியே. இதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

"பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டணும்."

"மாட்டு."

"மாட்டுன்னா, அது தானா உக்காராதுக்கா. பிராக்கெட் மாறும், பெல்ட் மாறும், வயர் மாறும்."

"நான் என்ன கேட்டேன்? கஷ்டமான்னு கேட்டேனா?"

சனிக்கிழமை காலை நானும் அவளும் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரி ஐம்பது வயது இருக்கும், இன்ஜின் ஒன்றின் மேலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நாய்க்கு அக்கா காலை ஒட்டவைத்திருக்கிறாள். அது இப்போது மூன்றரைக் காலில் ஓடி எல்லோரையும் கடிக்கிறது.

"கடிக்குதா? அப்போ நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றாள் அக்கா.

"உங்களை மட்டும் கடிக்க மாட்டேங்குது, டாக்டர். அது ஒண்ணுதான் கொறை." கடைக்காரி எழுந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒன்றைத் தூக்கி வந்தாள். "ஆம்புலன்ஸ்ல இருந்தது. நூத்திருபது ஆம்பியர். வண்டிதான் செத்துச்சு, இது சாகலை."

கையால் சுற்றிப் பார்த்தேன். பேரிங் சத்தமில்லாமல் சுழன்றது. பின்பக்கம் ஒரு தடித்த போல்ட், அதன் பக்கத்தில் மெல்லிய வயருக்கான சின்ன முனை. வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டர் உள்ளேயே உண்டு. எருமையின் பழசுக்கு அது தனி டப்பாவாக வெளியே தொங்கும்.

மாமா வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவர். ஷெட்டில் எங்களுக்கு முன்பே தயாராக நின்றார். கையில் ரப்பர் உறை.

"மாமா, பன்னெண்டு வோல்ட்டுதான். உறை எதுக்கு?"

"உன் அக்கா வண்டியை நம்ப மாட்டேன், மாப்ள."

பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். மாமா எர்த்துக்கான பச்சை வயரைத் தேடினார். வண்டியில் உடம்பே எர்த் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வீடு கட்டுகிறவரிடம் அஸ்திவாரம் தேவையில்லை என்று சொன்ன மாதிரி.

"அப்போ முழு வண்டியும் ஒரு வயரா? இதுல ஏறி நாங்க சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் போயிருக்கோம்."

ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார், அதற்காக அவரை நான் கடைசிவரை கிண்டல் செய்ய முடியாது. கழற்றிய ஒவ்வொரு வயரிலும் சின்ன அட்டை கட்டி நம்பர் போட்டார். ஒன்பது வயர், ஒன்பது அட்டை. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் படம் வரைந்து எழுதினார். தடித்தவை நான்கு, மீதி மெல்லியவை. ஏழாம் நம்பர் பழுப்பு நிறம், பழைய ரெகுலேட்டர் டப்பாவிலிருந்து டாஷ்போர்டுக்குள் போவது. வண்டி சார்ஜ் ஆகாவிட்டால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் அல்லவா, அதன் வயர்.

புதுசின் கால் பழசைவிட மூன்று மில்லிமீட்டர் கூடுதல் அகலம். பிராக்கெட்டுக்குள் நுழையவில்லை. அரம் போட்டுத் தேய்த்தேன். மாமா தேய்த்தார். அக்கா தேய்த்தாள். மூன்று பேரில் வேகமாகத் தேய்த்தவள் அவள்தான், குளம்பு தேய்த்த கை. பிற்பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்தது. புல்லி ஒரு வாஷர் கனம் பின்னால் இருந்ததால் வாஷர் போட்டு முன்னால் தள்ளினேன். பெல்ட்டை இழுத்துப் பிடிக்க நெம்புகோல் வேண்டும் என்றேன். அக்கா உள்ளே போய், பிரசவத்தில் கன்றை இழுக்கிற நீளமான கம்பியைக் கொண்டுவந்தாள்.

"கழுவினதா இது?" என்றார் மாமா.

"உங்க கையைவிடச் சுத்தம்." கம்பியை இடையில் கொடுத்து அவளே நெம்பினாள். "சும்மா பிடிச்சு இழுக்கக் கூடாதுடா. அது எடம் குடுக்கறப்பதான் இழுக்கணும். இப்ப. இன்னும் கொஞ்சம். நிறுத்து. முறுக்கு."

போல்ட்டை முறுக்கினேன். பெல்ட் விரலுக்குச் சரியாக அமுங்கியது. கன்றாக இருந்தால் இந்நேரம் எழுந்து நின்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வயரிங். பழைய வண்டியில் மொத்தக் கரண்டும் டாஷ்போர்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டர் வழியாகப் போய்த் திரும்பும். அந்த வயரில் நூறு ஆம்பியர் விட்டால் டாஷ்போர்டிலேயே சமைக்கலாம். அதனால் மாமாவின் வயரிங் வேலையில் மிஞ்சிய கட்டைவிரல் தடிமன் கேபிளை ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகப் பேட்டரிக்கு இழுத்தோம், நடுவில் பெரிய ஃபியூஸ். இன்ஜினிலிருந்து பாடிக்குப் புது எர்த் பட்டை. அதைப் போடும்போது மாமாவுக்கு மனசு ஆறிற்று. ஏழாம் நம்பரைப் புதுசின் சின்ன முனையில் மாட்டினேன். பழைய டப்பாவைத் தூக்கி மூலையில் வைத்தேன்.

மூன்று மணிக்கு அக்கா சாவியைத் திருப்பினாள். எருமை உறுமியது. நான் வோல்ட் மீட்டரைப் பேட்டரியில் வைத்தேன்.

பன்னிரண்டு புள்ளி மூன்று.

பதினான்கு வர வேண்டும். வரவில்லை. ஹெட்லைட் போட்டதும் பதினொன்று புள்ளி ஒன்பது. பெட்டி பீப் என்று ஒரு சத்தம் போட்டது.

"என்னடா?"

"சார்ஜ் ஏத்தலை."

ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. கேபிளைப் பார்த்தேன். எர்த்தைப் பார்த்தேன். மாமா தன் நோட்டை மூன்று முறை புரட்டினார். அக்கா ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தாள், கோபத்தில்தான். மீட்டர் ஒரு துள்ளல் துள்ளிப் பதினான்கு புள்ளி இரண்டுக்குப் போய் நின்றது.

"ஏறிடுச்சு" என்றார் மாமா. "பாரு, பயம் காட்டினா கேக்குது."

இன்ஜினை அணைத்து மறுபடி போட்டோம். பன்னிரண்டு புள்ளி மூன்று. ஓங்கி மிதித்தால் ஏறியது. ஐந்தாவது தடவை மிதித்தும் ஏறவில்லை.

இதுதான் எனக்குப் பிடிக்காதது. ஒன்று வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் செய்யக் கூடாது. சில நேரம் செய்கிறதை எதற்கும் நம்ப முடியாது. என்னைப் பற்றியும் வீட்டில் இதைத்தான் சொல்வார்கள். ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"இரும்புக்கடையில குடுத்தது சரியில்ல. பழசையே மாட்டிடலாம்க்கா. நாளைக்கு அதோட போய்ப் பாரு."

மாமா என்னைப் பார்த்தார். பாதி என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

"சரி, மாட்டு" என்றாள் அக்கா.

திட்டவில்லை. உள்ளே போனாள். வேறொரு ஸ்பேனரைத் தேடி வாசல் பக்கம் வந்தபோது பார்த்தேன். படியில் உட்கார்ந்து கறுப்பு ஷூ ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்துக்கென்று எப்போதோ வாங்கியது. அவள் காலில் நான் ரப்பர் பூட்ஸைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. ஷூவில் தூசி ஒரு விரல் கனம் இருந்தது. எச்சில் தொட்டுத் தொட்டுத் துடைத்தாள்.

திரும்பி ஷெட்டுக்கு வந்தேன். பழசைக் கையில் எடுக்கவில்லை.

"மாமா, நோட்டு குடுங்க."

ஒன்றிலிருந்து வரிசையாக ஒவ்வொரு வயரையும் முனையிலிருந்து முனைவரை விரலால் தடவிக்கொண்டு போனேன். ஆறுவரை சரி. ஏழு ஆல்டர்னேட்டரிலிருந்து கிளம்பி, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டின் ஓட்டை வழியாக டாஷ்போர்டின் பின்னால் போயிற்று. ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடித்தேன். வயர் போய்ச் சேர்ந்த பல்பு ஹோல்டர் காலியாக இருந்தது.

எழுந்து முன்பக்கம் பார்த்தேன். டாஷ்போர்டில் விளக்கு இருக்க வேண்டிய வட்டத்தின் மேல், காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒரு துண்டு. அழுக்கேறி டாஷ்போர்டின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது. அந்த வண்டியில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு நாள்கூட அங்கே விளக்கு எரிந்து பார்த்ததில்லை, அங்கே விளக்கு இருப்பதாகவே நினைத்ததில்லை.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. பழைய ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்ப அந்தத் தனி டப்பா இருந்தது. சாவி போட்டதும் அதுவே கரண்ட் கொடுத்துவிடும். விளக்கு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. புதுசுக்கு அந்த டப்பா கிடையாது. சிவப்பு விளக்கின் இழை வழியாக வருகிற துளி கரண்ட்தான் அதை எழுப்ப வேண்டும். விளக்கு இல்லை, எனவே தூங்கிக்கொண்டே சுற்றுகிறது. ஓங்கி மிதித்தால் சில நேரம் திடுக்கிட்டு விழிக்கிறது.

"அக்கா" என்று கூப்பிட்டேன். "இந்த விளக்கு எங்க?"

ஒரு கையில் ஷூவோடு வந்தாள். பிளாஸ்திரியைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"எந்த விளக்கு?"

"இந்த ஓட்டைக்கு மருந்து போட்டு ஒட்டினது யாரு?"

"அது எப்பப் பாத்தாலும் எரிஞ்சுதுடா. வண்டி நின்னாப் போதும், எரியும். ஏர்றவங்க எல்லாரும், டாக்டர் செவப்பா எரியுதே, டாக்டர் செவப்பா எரியுதேன்னு. ஒரு நாள் வெறுத்துப்போய்க் கழட்டிட்டேன்."

மாமா ரப்பர் உறையை மெதுவாகக் கழற்றினார். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகக் கல்யாணம் ஆன நாளிலிருந்து காத்திருந்திருக்க வேண்டும்.

"மாட்டுக்குக் காய்ச்சல்னு வந்தா, நீ மாட்டைப் பாப்பியா, தெர்மாமீட்டரை ஒடைப்பியா?"

"நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க."

"ஊர்ல இருக்கறவனை எல்லாம் திட்டுவா மாப்ள. மாடு தீனி எடுக்கலைன்னா உடனே சொல்ல வேணாமா, அறிகுறியை ஏன்யா மறைச்சேன்னு. இங்க பிளாஸ்திரி."

"அன்னிக்கே எருமைக்குச் சத்து போதலைன்னுதான் அந்த வெளக்கு சொல்லிட்டிருந்துதுக்கா" என்றேன்.

"சரிடா, சரி. ரெண்டு பேரும் சேந்துட்டீங்க. இப்ப என்ன பண்ணணும்?"

பல்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் இல்லை. மாமா தன் பையிலிருந்து சின்ன எல்.இ.டி. ஒன்றைப் பெருமையோடு எடுத்து நீட்டினார். போட்டுப் பார்த்தோம். அழகாக எரிந்தது. ஆல்டர்னேட்டர் எழுந்திருக்கவில்லை. அது குடிக்கிற கரண்ட் கொசு குடிக்கிற அளவு, அந்தத் துளி போதவில்லை. இழை இருக்கிற பழைய பல்புதான் வேண்டும் என்றேன்.

அக்கா வண்டிக்குள் குனிந்தாள். டாஷ்போர்டின் சாமான் அறையைத் திறந்து, ஊசிப் பெட்டிகளுக்கும் ரசீதுக் கட்டுகளுக்கும் கீழே கையை விட்டுத் துழாவினாள். ஒரு காலி மருந்துக் குப்பியை எடுத்தாள். ரப்பர் மூடி போட்டு, உள்ளே பஞ்சு வைத்து, பஞ்சின்மேல் அந்தச் சின்ன பல்பு. குப்பியில் லேபிள் ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்தில் தேதி, அதன் கீழே: எருமை, டாஷ்போர்டு, இடது.

"ஒடம்புல இருந்து எடுத்ததை எப்படிடா தூக்கிப் போடறது?" என்றாள்.

மாமா ஷெட் சுவரில் சாய்ந்து சிரித்தார். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

பல்பை மாட்டினேன். பிளாஸ்திரியை அக்காவே உரித்தாள், ஒரே இழுப்பில். அவள் தொழிலில் அப்படித்தான் உரிப்பார்கள். சாவியைத் திருப்பினாள். சிவப்பு எரிந்தது. இன்ஜின் பிடித்தது. சிவப்பு அணைந்தது. மீட்டரில் பதினான்கு புள்ளி இரண்டு. ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர், பெட்டி எல்லாம் போட்டோம். பதிமூன்று புள்ளி எட்டு. அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, பன்னிரண்டு முறை பார்த்தேன். பன்னிரண்டு முறையும் எழுந்தது.

"சாப்பிடலாம் வா, முழுசு" என்றார் மாமா.

"ஒரு நாளைக்குத்தான் அந்தப் பேரு" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை பரிசோதகர் வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் நான்கு பேனா, கையில் தனியாக ஒரு தெர்மாமீட்டர். எருமையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இது மலை ஏறுமா?"

"ஏறும். நீங்கதான் கெட்டியாப் பிடிச்சுக்கணும்" என்றாள் அக்கா. பூட்ஸ் போட்டிருந்தாள். ஷூ படியிலேயே இருந்தது, பளபளப்பாக. எது தேவைப்படும் என்று சாயங்காலம் தெரிந்துவிடும்.

நான் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்தேன். நல்ல வெயிலில் ஹெட்லைட் போட்டு, மழையில்லாமல் வைப்பர் ஆட, ஹீட்டரின் சூட்டுக் காற்றில் வியர்த்துக்கொண்டு மலை ஏறினோம். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். பெட்டியில் நான்கு டிகிரி. முதல் இடம், இரண்டாவது இடம், மூன்றாவது இடம். வோல்ட் பதிமூன்றரைக்குக் கீழே இறங்கவில்லை.

வில்லங்கம் பரிசோதகரிடமிருந்து வந்தது. அவருக்கு வெளியில் தெரிகிற நம்பரில் நம்பிக்கை இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். கடைசிக் குடியிருப்பில் நிற்கும்போது ஐந்து ஆறாயிற்று, ஆறு ஏழரையாயிற்று. மறுபடி மூடியில் கை வைத்தார்.

"சார், தொறந்து தொறந்து பாத்தா அது எப்படிக் குளிரும்?" என்றாள் அக்கா.

"சந்தேகம் வந்தா பாக்கணும்ல. நம்பர் பொய் சொல்லலாம்."

"உங்க தெர்மாமீட்டர்?"

"அது பொய் சொல்லாது."

"அப்போ அதை உள்ள வச்சிட்டு மூடுங்க."

வைத்தார். மூடினார். அக்கா வண்டியின் பின்னால் ஏறி, அந்த மூடியின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"டாக்டர், இது முறை இல்ல."

"முறை இருக்கு. ஒரு மணி நேரம் நிக்கணும்னு எழுதியிருக்கு. தொறக்கணும்னு எழுதலை. நாப்பது நிமிஷம் பாக்கி இருக்கு. நான் எறங்க மாட்டேன்."

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். எழுதவில்லைதான்.

இன்ஜின் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பழசாக இருந்தால் பெட்டி எப்போதோ தூங்கியிருக்கும். அக்காவின் கால்களுக்கு நடுவே நம்பர் தெரிந்தது. ஏழு புள்ளி ஆறு. கொஞ்ச நேரம் அசையவில்லை. யாரோ ஒரு அம்மா மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள், மடி வீங்கியிருக்கிறது என்று. அக்கா மூடியைவிட்டு இறங்காமலே மாட்டை அருகில் நிறுத்தச் சொல்லி, குனிந்து மடியை அழுத்திப் பார்த்து, மருந்து சொன்னாள். நிமிர்ந்தபோது ஆறு புள்ளி ஒன்று. இருபது நிமிஷத்தில் ஐந்து. நேரம் முடிந்ததும் இறங்கி, தானே மூடியைத் திறந்து, தெர்மாமீட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நான்கு புள்ளி நான்கு.

அவர் நான்கு பேனாவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதினார். எழுதி முடிக்கும்வரை அக்கா பூட்ஸின் சேற்றை டயரில் தேய்த்துக்கொண்டிருந்தாள். 

"மலைப் பயணம் தொடரலாம்" என்று வாசித்துக் காட்டிக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்புவதற்காக இன்ஜினை ஒருமுறை அணைத்து, மறுபடி சாவியை முதல் திருப்பு திருப்பினாள். பரிசோதகர் டாஷ்போர்டுப் பக்கம் குனிந்தார்.

"டாக்டர், இங்க செவப்பா எரியுதே."

"எரியணும்" என்றாள் அக்கா.

இன்ஜின் பிடித்தது.

"இப்ப அணைஞ்சிடுச்சே."

"அணையணும்."

அவர் இன்னும் குனிந்தார். விளக்குக்குப் பக்கத்தில் சின்ன அட்டை ஒன்று ஒட்டியிருந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். காலையில் மாமா வேலைக்குப் போவதற்கு முன்பு ஒட்டியிருக்க வேண்டும். பரிசோதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார்.

"ஏழு. மனைவி தொடக் கூடாது."

அக்கா கியரைப் போட்டாள்.  இறக்கம் முழுக்க, வண்டிக் கண்ணாடியில் அவள் வாய் சிரிப்பை அடக்கிக் கோணுவது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கறுப்பு ஷூவை அதன் அட்டைப்பெட்டியில் திரும்ப வைத்தாள். பெட்டியின்மேல் லேபிள் ஒட்டித் தேதி எழுதினாள். அலமாரிக்கு மேலே, கை எட்டாத இடத்தில் என்னை வைக்கச் சொன்னாள்.